வளைந்த கத்தி: முனை வெட்டவில்லையா, முனையே தேய்ந்து போகிறதா?

தக்காளியில் வைத்தால் தன்பாட்டில் இறங்குகிறது. அதே கத்தியின் முனையால் பச்சை மிளகாயைக் கீறப் போனால் வழுக்கிக்கொண்டு போகிறது. தீட்டியதோ நேற்றுத்தான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கிறவர்கள் என்னிடம் கத்தியைக் கொண்டு வரும்போது அதிகம் சொல்லும் குறை இதுதான். அடுத்து வருவது இதற்கு நேர்மாறானதுபோலத் தெரியும்: தீட்டத் தீட்ட முனை உருண்டு, கத்தி கட்டையாகிக்கொண்டே வருகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நேரான அலகைத் தீட்டும் பழக்கத்தை அப்படியே வளைந்த அலகுக்கும் கொண்டுபோவதுதான் அந்த வேர்.

கல்லில் போன இரும்பு திரும்பி வராது. அதனால்தான் முனையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். அலகின் நடுவில் ஒரு பிழை விட்டால் பத்து இழுவையில் சரிசெய்யலாம். முனையில் விட்ட பிழையைச் சரிசெய்யக் கத்தியின் உருவத்தையே மாற்றவேண்டி வரும்.

கீழே ஒவ்வொரு குறியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் கத்தி எதைக் காட்டுகிறதோ அந்த இடத்துக்குப் போகலாம். ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் வாசித்துவிடுவது நல்லது.

தேவையான சாமான்

400 ஒரு பக்கமும் 1000 மறுபக்கமும் உள்ள தண்ணீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்) ஒன்று இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும்; எண் கூடினால் நைசு, குறைந்தால் கரடு. கிடைக்காவிட்டால் பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான் கடைகளில் இருபக்கக் காபரண்டம் கல் வாங்கலாம். அதன் நைசான பக்கமும் மீன் கத்திக்குத் தாராளம். கூடவே ஒரு மார்க்கர் பேனை, கல் நகராமல் இருக்க ஈரத் துவாய், கொஞ்சம் தண்ணீர், நல்ல வெளிச்சம். நனைத்துத் தேய்க்கக்கூடிய கறுப்பு மணல்கடதாசியும் 120, 240, 600, 1000 என்ற எண்களில் ஒவ்வொரு தாள் வேண்டும். கடையில் ‘வெலி கடதாசி’ என்று சிங்களத்தில் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். கடதாசியில் போட்டிருக்கும் 1000, கல்லில் போட்டிருக்கும் 1000ஐவிடச் சற்றுக் கரடு. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் ‘வாய்’ என்று சொல்வது வெட்டுகிற ஓரத்தை. ‘முதுகு’ அதற்கு எதிர்ப்பக்கம். வாய் நேராக வந்து முனையை நோக்கி மேலே வளையும் இடம் ‘வயிறு’. பிடிக்குப் பக்கத்தில் இருப்பது ‘அடி’.

குறி 1: அடி வெட்டுகிறது, வயிற்றிலிருந்து முனைவரை வெட்டவில்லை

முதலில் தீட்டாதீர்கள், பாருங்கள். வாயின் இரண்டு பக்கமும் அடியிலிருந்து முனைவரை மார்க்கர் பேனையால் கறுப்புப் பூசுங்கள். வழக்கமாக எப்படித் தீட்டுவீர்களோ அப்படியே ஐந்தாறு இழுவை இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நேரான பகுதியில் கறுப்பு போயிருக்கும். வயிற்றிலோ இந்த மூன்று விதத்தில் ஏதாவது ஒன்று நடந்திருக்கும்.

கறுப்பு அப்படியே இருந்தால் அந்த இடம் கல்லையே தொடவில்லை. வாயில் கறுப்பு நிற்க, அதற்கு மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியை மிகவும் படுக்கவைத்துப் பிடித்திருக்கிறீர்கள். வாயின் ஓரத்தில் மட்டும் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடாக அழிந்திருந்தால் மிகவும் நிமிர்த்திப் பிடித்திருக்கிறீர்கள்.

முதலாவதுதான் அதிகம் நடப்பது. கல் தட்டையானது, வயிறோ மேலே வளைந்து போகிறது. கத்தியை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இழுத்தாலும் நேரான பகுதிதான் கல்லில் படும், முனை காற்றில் நிற்கும். வளைவு கல்லில் படவேண்டுமென்றால், இழுவை முனையை நெருங்க நெருங்கப் பிடி மேலே வரவேண்டும். எவ்வளவு என்று கேட்டால், 20 சென்ரிமீற்றர் அளவுள்ள சமையல் கத்தியில் முனைக்கு வரும்போது பிடி சுமார் 3 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும். இது சின்ன அசைவு அல்ல. முழங்கை வெளிப்பக்கமாக எழும்புவது தெரியவேண்டும்.

இதை எனக்கு விளங்கவைத்தவர் வெள்ளவத்தைச் சந்தையில் அறக்குளா மீன் வெட்டிக் கொடுக்கும் தம்பி ஒருவர். நான் கத்தியைப் பிடிக்கும் விதத்தைச் சொல்லக் கேட்டுவிட்டு, “அக்கா, நீங்கள் இழுக்கிறீங்கள். இழுக்காதேங்கோ, உருட்டுங்கோ” என்றார். தன் கத்தியைப் பலகையில் வைத்து அடியிலிருந்து முனைவரை ஒருதரம் உருட்டியும் காட்டினார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் என் கை திருந்தியது.

இங்கேதான் பலர் இரண்டாவது பிழையை விடுகிறார்கள். பிடியை உயர்த்து என்று சொன்னதும் முதுகையும் சேர்த்து உயர்த்திவிடுகிறார்கள். பிடி உயரவேண்டும், முதுகு தாழவேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் கோணம் ஏறக்குறைய 20 பாகை. நாலில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 15 பாகை. அடியில் கத்தி 45 மில்லிமீற்றர் அகலமானால் 20 பாகைக்கு முதுகு கல்லிலிருந்து 15 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கவேண்டும். முனைக்குக் கிட்ட அகலம் 25 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். அங்கே எட்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். அங்கேயும் பழைய 15 மில்லிமீற்றரையே பிடித்தால் கோணம் 37 பாகைக்குப் போய்விடும். அப்படித் தீட்டிய முனை ஆப்பு மாதிரித்தான் இருக்கும். முதுகுக்கு அடியில் நாணயங்களை அடுக்கி அளவு பார்க்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. நேரான பகுதிக்கு அது நல்ல வழி. ஆனால் அதே அடுக்கை முனைவரை கொண்டுபோனால் முனை கெட்டுவிடும்.

கை பழகுவதற்குக் கல் வேண்டாம். மேசையில் ஒரு தடித்த மட்டையை வைத்து, கத்தியைச் சரியான கோணத்தில் சாய்த்து, அடியிலிருந்து முனைவரை மெதுவாக உருட்டுங்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் வாய்க்கும் மட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். வெளிச்சம் மறைகிற இடம்தான் அந்த நேரத்தில் தொடுகிற இடம். அது அடியிலிருந்து முனைவரை தடங்கல் இல்லாமல் நகரவேண்டும். இருபது முப்பது தரம் செய்தால் போதும், கைக்கு வந்துவிடும்.

பிறகு கல்லுக்குப் போகும்போது முழு அலகையும் ஒரே இழுவையில் தீட்ட முயலாதீர்கள். கத்தியை நேரான பகுதி, வயிறு, முனைக்கு முந்திய கடைசி இரண்டு சென்ரிமீற்றர் என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாகத் தீட்டுங்கள். இடதுகை விரல்கள் எந்த இடம் கல்லில் படுகிறதோ அதற்கு நேர் மேலே இருக்கவேண்டும். மூன்றும் முடிந்தபின் எல்லாவற்றையும் இணைக்க நாலைந்து நீண்ட இழுவை. கறுப்பை மறுபடி பூசிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் அழிந்தால் சரி.

மீன் சதை எடுக்கும் மெல்லிய, வளைந்து கொடுக்கிற கத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அந்த அலகு உங்கள் விரல் அழுத்தத்துக்கே வளையும். வளைந்தால் கோணமும் மாறும். அதற்கு விரலின் பாரம் மட்டும் போதும், தள்ளக்கூடாது.

குறி 2: தீட்டத் தீட்ட முனை உருள்கிறது, கத்தி கட்டையாகிறது

எங்கள் வீட்டு மீன் கத்திக்கு இது நடந்தது. அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு வந்த கத்தி. அவர் கையில் பல வருடம் ஊசி முனையாக இருந்தது, என் கையில் இரண்டு வருடத்தில் ஒரு சுண்டுவிரல் நகத்தின் நீளத்துக்குத் தேய்ந்து, நுனி வட்டமாகிவிட்டது. நான் அதைப் பாவித்ததைவிட அதிகம் தீட்டியிருந்தேன், தீட்டிய விதமும் பிழை. முனையைத் தேய்த்தது மீன் முள் அல்ல, கல்தான்.

காரணம் இழுவையின் கடைசி ஒரு சென்ரிமீற்றரில் இருக்கிறது. பெரும்பாலானோர் கத்தியை இழுத்துக்கொண்டு வந்து, கல்லின் ஓரத்தைத் தாண்டி வெளியே விட்டுவிடுகிறார்கள். முனை ஓரத்தைத் தாண்டும் அந்தக் கணத்தில் கல்லின் விளிம்பு நுனியை உரசிவிடும். ஒருதரம் உரசினால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை தீட்டுவதற்கு ஐம்பது இழுவை என்றால், ஐம்பது தரம் உரசுகிறது.

திருத்தம் எளிது, ஆனால் பிடிவாதமாகப் பழகவேண்டும். முனை கல்லின் மேல் இருக்கும்போதே இழுவை நிற்கவேண்டும். நிறுத்தி, கத்தியைத் தூக்கி, அடுத்த இழுவைக்கு வைக்கவேண்டும். நிற்காமல் சுழற்றி எடுப்பது பார்க்க அழகாக இருக்கும், முனைக்கு நல்லதல்ல. நான் கல்லின் ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று வைத்துப் பழகினேன்.

இரண்டாவது காரணம் அழுத்தம். நேரான பகுதியில் நீண்ட வாய் கல்லில் படுவதால் கையின் பாரம் பரவிவிடும். வயிற்றிலும் முனையிலும் ஒரு சின்னப் புள்ளிதான் படும். அதே பாரம் முழுவதும் அந்தப் புள்ளியில் இறங்கும், இரும்பும் மிக வேகமாகத் தேயும். ஆகவே முனைக்கு வரும்போது அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கவேண்டும், இழுவைகளின் எண்ணிக்கையையும் குறைக்கவேண்டும். நேரான பகுதிக்கு இருபது என்றால் முனைக்கு எட்டு பத்து போதும். முனையில் கத்தியைத் தள்ளாமல், வாய் பின்னால் வருகிறமாதிரி இழுவை மட்டும் போடுங்கள். தள்ளும்போது முனை கல்லில் குத்தி மாட்டினால் கல்லிலும் குழி, முனைக்கும் சேதம்.

மூன்றாவது, அந்த இழுத்தெடுக்கும் சின்னப் பெட்டிகள். இரண்டு சில்லுகளுக்கு நடுவே கத்தியை வைத்து இழுப்பது. வளைந்த கத்திக்கு அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இழுவை முடியும்போது முனை அந்த இடுக்கிலிருந்து விழுந்து வெளியே வருகிறது. ஒவ்வொரு தடவையும் நுனி சுரண்டப்படுகிறது. அடிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு தீட்டப்படாமலே நின்றுவிடும். சில மாதத்தில் அலகின் உருவமே மாறிவிடும்.

ஏற்கனவே உருண்ட முனையை வாய்ப் பக்கம் தேய்த்துக் கூராக்கப் பார்க்காதீர்கள். குறி 4க்குப் போங்கள், வழி அங்கே இருக்கிறது.

குறி 3: வெங்காயம் வெட்டினால் துண்டுகள் பிரியாமல் மாலையாகத் தொங்குகின்றன

கூர் இருக்கிறது, ஆனாலும் வெங்காயத் துண்டுகளும் போஞ்சித் துண்டுகளும் கீழ்ப்பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. இது கூர்ப் பிரச்சினை அல்ல, உருவப் பிரச்சினை. வாயில் எங்கோ ஒரு குழிவு இருக்கிறது. அந்த இடம் பலகையைத் தொடுவதில்லை.

கத்தியை வெட்டுப்பலகையில் நிமிர்த்தி வைத்து, பின்னால் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடியுங்கள். அடியிலிருந்து முனைவரை உருட்டிக்கொண்டே பாருங்கள். ஒரு இடத்தில் வெளிச்சம் வாய்க்குக் கீழே பிறைபோல எப்போதும் நிற்குமானால் குழிவு அங்கேதான். பெரும்பாலும் அது அடிக்குச் சற்று முன்னால் இருக்கும், ஏனென்றால் இடதுகை விரல்கள் அங்கேதான் வசதியாக அழுத்துகின்றன.

குழிவைத் தேய்க்கக்கூடாது, அதன் இரு பக்கமும் உள்ள மேட்டைத்தான் தேய்க்கவேண்டும். மேட்டில் கறுப்புப் பூசி, 400 பக்கத்தில் அந்த இடத்தை மட்டும் இறக்கி, அடிக்கடி வெளிச்சத்தில் பாருங்கள். கல்லே நடுவில் குழிந்திருந்தால் இந்த வேலை முடியவே முடியாது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தட்டையான தரை ஓட்டின் மேல் 120 மணல்கடதாசியை வைத்துத் தண்ணீர் விட்டுக் கல்லை அதில் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் கல் தட்டையாகிவிட்டது.

குறி 4: முனை ஒடிந்துவிட்டது, அல்லது உருண்டுவிட்டது

நம் வீடுகளில் முனை எப்படி ஒடிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பால்மா டின் மூடியை நெம்புவது. சிரட்டையிலிருந்து தேங்காய்ச் சொட்டைக் கிளப்புவது. உறைபெட்டியில் ஒட்டிக்கொண்ட மீன் பொதியைப் பிரிப்பது. முனை குத்துவதற்கும் கீறுவதற்கும் ஆனது. பக்கவாட்டு விசையை அது தாங்காது.

ஒடிந்தால் கை முதலில் போவது வாய்ப் பக்கம்தான். வாயைத் தேய்த்து மேலே கொண்டுபோய் புதிய முனை செய்ய நினைப்போம். அப்படிச் செய்தால் வயிற்றின் வளைவு முழுவதும் கெடும், முனையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தேய்க்கவேண்டியது முதுகை. வாயின் வளைவு எங்கே முடிகிறதோ அந்தப் புள்ளியே புதிய முனை. முதுகை அதை நோக்கிச் சரித்துக் கொண்டுவரவேண்டும்.

ஒடிந்த இடத்தில் வாயின் கடைசிப் புள்ளியிலிருந்து முதுகில் மூன்று நாலு சென்ரிமீற்றர் பின்னால்வரை மார்க்கரால் மெல்லிய வளைகோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளதுதான் போகவேண்டியது. தரை ஓட்டில் 120 கடதாசியை ஒட்டி அல்லது காபரண்டம் கல்லின் கரட்டுப் பக்கத்தில், முதுகைக் கீழே வைத்து, கத்தியை நிமிர்த்தி, முன்னும் பின்னும் தேயுங்கள். வாய் மேலே பார்த்துக்கொண்டிருக்கும், ஆகவே வாயின்மேல் தடித்த துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இதை மறந்து கையை வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. கோட்டை நெருங்கும்போது 400க்கு மாறுங்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஒடிந்திருந்தால் எனக்கு அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை பிடிக்கும்.

புதிய முனை பழையதைவிடத் தடிப்பாக இருக்கும், ஏனென்றால் அது கத்தியின் தடித்த பகுதியில் வந்து நிற்கிறது. கத்தியைக் கல்லில் ஏறக்குறையப் படுக்கவைத்து, கடைசி இரண்டு சென்ரிமீற்றரின் இரு பக்கத்தையும் மெதுவாக மெலியுங்கள். அதன் பிறகுதான் குறி 1இல் சொன்னபடி வாயைத் தீட்டுவது.

ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஒடிந்த கத்தியை இப்படி வீட்டில் கையால் தேய்ப்பது வீண் பாடு. அதைக் காய்கறி வெட்டும் கத்தியாக வைத்துக்கொண்டு, முனை வேலைக்கு ஒரு சின்னக் கத்தி வாங்குவது நல்லது.

முனை ஒடியாமல் வளைந்து மட்டும் இருந்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். சாதாரண சமையலறைக் கத்தியின் இரும்பு கொஞ்சம் மிருதுவானது. வளைவை மரப்பலகையில் வைத்து, துணி சுற்றிய கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் நேராகும். ஜப்பானிய வகைக் கடினக் கத்தி அப்படி நேராகாது, ஒடிந்துவிடும். அதில் வளைந்த நுனியைத் தேய்த்துவிடுவதே பாதுகாப்பு.

குறி 5: உள்ளே வளைந்த அலகு கல்லில் படவே இல்லை

ஊர்ப்பக்கமிருந்து கொண்டுவந்த சத்தகம், புல் வெட்டும் அரிவாள், கொக்கத்தடியில் கட்டும் கத்தி ஆகியவற்றின் வாய் உள்ளே குழிந்திருக்கும். தட்டைக் கல்லை வைத்தால் கல்லின் இரண்டு மூலைகள்தான் படும். மூலை பட்ட இடத்தில் பள்ளம் விழும்.

இங்கே கத்தி அசையாது, கல்தான் அசையும். ஒரு அங்குல பிவிசி குழாயின் அரை அடித் துண்டில் மணல்கடதாசியை இறுக்கிச் சுற்றுங்கள். அலகின் வளைவைவிடக் குழாயின் வளைவு சிறியதாக இருக்கவேண்டும், அது முக்கியம். கத்தியின் பிடியை மேசை ஓரத்தில் அழுத்திப் பிடித்து, குழாயை வாயின்மேல் சாய்த்து, தள்ளும்போதே அடியிலிருந்து முனைப்பக்கம் நகர்த்திக்கொண்டு போங்கள். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அலை அலையாகிவிடும். முதலில் 240, பிறகு 600, முடிவில் 1000. தள்ளுகிற கை எப்போதும் முதுகிலிருந்து வாய்ப் பக்கம் போகட்டும், வாய்க்கு எதிரே வரவேண்டாம்.

வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரிவு ஒரு பக்கத்திலா இரு பக்கத்திலா என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். பல அரிவாள்களில் ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு இருக்கும். மறுபக்கத்தைத் தட்டையாக வைத்துப் பிசிரை (தேய்க்கும்போது வாயில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பை) மட்டும் எடுக்கவேண்டும். அங்கேயும் சரிவு கொடுத்தால் பழைய வெட்டு வராது. பல்லுள்ள அரிவாளாக இருந்தால் பல்லில்லாத பக்கத்தை மட்டும் தேயுங்கள்.

குறி 6: கூர் வருகிறது, இரண்டு நாள் நிற்கவில்லை

தீட்டியவுடன் கடதாசியை வெட்டும், மறுநாள் தக்காளியில் வழுக்கும். இதற்குப் பெரும்பாலும் பிசிர் காரணம். ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது மறுபக்கத்தில் மெல்லிய இரும்பு உதடுபோல மடிந்து நிற்கும். அதுவும் வெட்டும், அதனால் கூர் வந்துவிட்டது என்று ஏமாந்துவிடுவோம். முதல் வேலையிலேயே அது மடிந்து அல்லது உதிர்ந்து போகும்.

முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே போகிறமாதிரி விரல் நுனியை மெதுவாக வழியுங்கள். சொரசொரவென்று ஏதாவது மாட்டினால் பிசிர் இருக்கிறது. வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது. பஞ்சை அதே திசையில் வழித்தால் நூல் மாட்டுவதும் ஒரு அடையாளம். முனையின் கடைசி அரை அங்குலத்தில்தான் பிசிர் அதிகம் மிஞ்சும், அங்கே தவறாமல் பாருங்கள். எடுப்பதற்கு நைசான பக்கத்தில் இந்தப் பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இழுங்கள். கடைசி இழுவைகளில் கத்தியின் சொந்தப் பாரம் மட்டும் இருக்கட்டும்.

கல்லை எடுக்க நேரமில்லாத காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, அடியில் மினுக்கம் இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் நாலைந்து தரம் மெல்லச் சாய்த்து இழுக்கலாம். களிமண் சுட்ட அந்த வளையம் இரும்பைவிடக் கடினமானது. வளையம் ஒடுக்கமாக இருப்பதால் வயிற்றின் வளைவுக்கும் நன்றாகப் பொருந்தும்.

பிசிர் இல்லாமலும் கூர் நிற்கவில்லை என்றால் வெட்டுகிற தளத்தைப் பாருங்கள். கண்ணாடிப் பலகை, கருங்கல் மேசை, பீங்கான் தட்டு மூன்றும் கத்திக்குப் பகை. மரம் நல்லது. வெட்டியதை வாயால் வழித்துச் சட்டியில் போடும் பழக்கமும் வாயை மடிக்கும். கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள்.

கடைசியாக, நீல நிறம். நான் ஒருமுறை நல்ல கத்தி ஒன்றை மின்சாரச் சாணையில் பிடிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முனையில் ஒரு அங்குலம் மயில் கழுத்து நிறமாக மின்னியது. அழகு என்று அம்மா சொன்னார். உண்மையில் அந்த இடத்தின் இரும்பு செத்துவிட்டது. சாதாரணக் கரிம இரும்பு சூடாகும்போது 220 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே வைக்கோல் மஞ்சளாகவும், 300ஐ நெருங்கும்போது நீலமாகவும் மாறும். அவ்வளவு சூட்டில் அதன் கடினம் இறங்கிவிடும். முனையில் இரும்பு மெல்லியதாகவும் கொஞ்சமாகவும் இருப்பதால் சூடு போக இடமில்லை. அதனால் முனைதான் முதலில் வேகும். கல்லில் கையால் தேய்த்தால் இது நடக்காது. நடந்துவிட்டால் நீலம் ஓடிய பகுதி தேய்ந்து தீரும்வரை அந்த முனையில் கூர் நிற்காது. மின்சாரச் சாணைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்திலேயே நில்லுங்கள், ஒவ்வொரு தொடுகைக்கும் இடையில் தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள்.

குறி 7: வாயில் சின்னச் சின்னப் பல் விழுந்திருக்கிறது

மாசிக் கருவாடு சீவியதில், அறக்குளாவின் நடுமுள்ளில், அல்லது சிரட்டையில் பட்டதில் வருவது. பல்லை மட்டும் தேய்க்காதீர்கள், அந்த இடம் குழிவாகிக் குறி 3 வந்துவிடும். பல் தீரும்வரை முழு வாயையும் 400 பக்கத்தில் சமமாக இறக்குங்கள். மாசிக்கும் முள்ளுக்கும் தனியாக ஒரு தடித்த கத்தியை வைத்து, அதற்கு 25 பாகை கொடுங்கள்.

குறி 8: முனையிலும் வாயிலும் கறள்

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதையைத் தாண்டினால் கடல். யன்னலைத் திறந்து வைத்தால் கம்பியில் உப்புப் பிசுபிசுப்பு ஒட்டுகிறது. கத்தி மட்டும் தப்புமா? ‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதியிருப்பதால் கறள் ஏறாது என்று நினைக்கவேண்டாம். 1913இல் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி குறோமியம் கலந்த அந்த இரும்பைச் செய்தபின் சமையலறைகளின் பாடு குறைந்தது உண்மைதான். குறைந்தது 10.5 சதவீதம் குறோமியம் இருந்தால் மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாகி இரும்பைக் காக்கும். ஆனால் உப்பு அந்தப் படலத்தை ஊசிக் குத்துப்போல ஓட்டை போடும். மிக மெல்லிய இடத்தில் ஒரு ஊசிக் குத்து விழுந்தாலே கூர் போய்விடும், அந்த மெல்லிய இடம் முனைதான்.

தேசிக்காய், மாங்காய், புளி வெட்டியதும் உடனே கழுவித் துடையுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். பழைய கரிம இரும்புக் கத்திக்குத் துடைத்தபின் இரண்டு துளி தேங்காயெண்ணெய் பூசிவிட்டால் போதும். பலாக்காய்ப் பால் ஒட்டியிருந்தால் அதையும் தேங்காயெண்ணெயால் துடைத்தெடுங்கள், தும்பால் உரசினால் கீறல்தான் மிஞ்சும். ஏறிவிட்ட மெல்லிய கறளுக்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து, தக்கைத் துண்டால் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் தேயுங்கள்.

குறி 9: தீட்டாமலே முனை போகிறது

அப்படியென்றால் முனை லாச்சிக்குள் போகிறது. கரண்டிகளோடு போட்டு லாச்சியை மூடும் ஒவ்வொரு தடவையும் முனை எதிலோ இடிக்கிறது. கழுவும் தொட்டியில் போட்டாலும் அதேதான். வேறொருவர் கை வெட்டுப்படுவது அதைவிடக் கவலை. கரண்டிக் கூடைக்குள் முனை கீழே பார்க்க நிறுத்துவதும் வேண்டாம்.

தேயிலைப் பெட்டியின் தடித்த மட்டையை கத்தியைவிட ஒரு விரல் நீளமாக வெட்டி, முதுகுப் பக்கம் மடித்து, வாய்ப் பக்கத்தை ஒட்டுநாடாவால் ஒட்டினால் உறை தயார். முனை உறையின் அடியைத் தொடாமல் இருக்க அந்த ஒரு விரல் இடைவெளி வேண்டும். கத்தி முழுக்கக் காய்ந்தபின்தான் உள்ளே போகலாம். ஈரத்தோடு போட்டால் இரவோடு இரவாகக் கறள். மட்டை ஈரமானாலோ எண்ணெய் ஊறினாலோ எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலைதானே. அம்மம்மாவின் கத்திக்கு நான் முதுகைத் தேய்த்து முனையை மீட்டபிறகு இப்படிச் செய்த உறை இப்போது ஆறாவது. முனை அப்படியே இருக்கிறது.